அடுத்த ஊர் கம்ப்யூட்டரில் இங்கிருந்தே வேலை செய்யலாம்

"தம்பி, பில்லு வர மாட்டேங்குது. கடையில நாலு பேரு நிக்கிறாங்க."

திருமங்கலத்தில் உசிலம்பட்டி ரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, 2021-ல் கடைக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஜி.எஸ்.டி. பில் போடுவதற்காக வாங்கியது. அன்றிலிருந்து அவரிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். நான் சென்னையில் ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் ஒருவன் இஞ்சினியரிங் படித்துவிட்டால் சொந்தக்காரர்கள் வீட்டு பிரின்டர் எல்லாம் அவன் பொறுப்பு என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"சித்தப்பா, கீழே வலது ஓரத்துல பிரின்டர் படம் ஒண்ணு தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலப்பா."

"மேல் பக்கம் பார்த்த மாதிரி ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தட்டுங்க."

"தட்டிட்டேன். நீலக் கட்டம் ஒண்ணு வந்துச்சு. போயிருச்சு."

என்ன நீலக் கட்டம், எதற்கு வந்தது, ஏன் போனது என்று அரை மணி நேரம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொள்வோம். கடைசியில் பிரின்டரில் பேப்பர் தீர்ந்திருக்கும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இந்தக் காட்சி உண்டு. வெளியூரில் இருக்கும் மகனோ மகளோ போனில் வழி சொல்ல, இங்கே ஒருவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு திணறுவார். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நான் சென்னையில் உட்கார்ந்தபடியே சித்தப்பாவின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அவருடைய திரையை என் திரையில் பார்த்து, அவருடைய மவுஸை நானே நகர்த்தலாம். இதைத்தான் ரிமோட் லாகின் என்கிறார்கள். தொலைவிலிருந்து நுழைதல் என்று சொல்லலாம்.

இந்த வழியை நான்தான் சித்தப்பாவுக்குப் பழக்கினேன். அதே வழியில் 2022-ல் வேறொருவனும் உள்ளே வந்துவிட்டான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் இது எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால்தான் அவன் எப்படி வந்தான் என்பதும் புரியும்.

கீபோர்ட் இங்கே, வேலை அங்கே

நீங்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது உங்களுக்கும் அதற்கும் நடுவே நடப்பவை இரண்டுதான். நீங்கள் தட்டும் எழுத்துகளும் மவுஸ் அசைவுகளும் உள்ளே போகின்றன. படம் மானிட்டருக்கு வெளியே வருகிறது. இந்தப் போக்குவரத்துக்கு நடுவே இருப்பது ஒன்றரை மீட்டர் ஒயர். அந்த ஒயருக்குப் பதிலாக இன்டர்நெட்டை வைத்தால் ரிமோட் லாகின். அவ்வளவுதான். எழுத்து திருமங்கலம் போகிறது, படம் சென்னைக்கு வருகிறது.

மெயிலில் பைல் அனுப்புவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெயிலில் பொருள் உங்களைத் தேடி வருகிறது. ரிமோட் லாகினில் நீங்களே பொருள் இருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். ஓடுவது அங்கிருக்கும் பிராசஸர், திறப்பது அங்கிருக்கும் ஹார்ட் டிஸ்க். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் செய்யக்கூடிய ஏறக்குறைய எல்லாவற்றையும் நீங்களும் செய்யலாம். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட்டின் முதல் வேலையே இதுதான் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். மெயில், வெப்சைட் எல்லாம் பிறகு வந்தவை. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், சுமார் 560 கிலோமீட்டர் தள்ளி ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார். 'லாகின்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டத் தொடங்கினார். எல் போனது. ஓ போனது. ஜி தட்டும்போது அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுதாக நுழைய முடிந்தது. உங்கள் கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோனால் வருத்தப்படாதீர்கள், இன்டர்நெட்டின் முதல் செய்தியே இரண்டு எழுத்தோடு நின்றுபோனதுதான்.

பிறகு வந்த டெல்நெட் என்ற முறை பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. அதில் ஒரு பெரிய ஓட்டை. நீங்கள் தட்டும் பாஸ்வேர்ட் போஸ்ட் கார்டில் எழுதியதைப் போல அப்படியே போகும். வழியில் யார் நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டாலும் படித்துவிடலாம். 1995-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் இப்படிப் பாஸ்வேர்ட்களை யாரோ திருடினார்கள். அங்கிருந்த டாட்டு யூலோனென் என்பவர் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். இதில் போவது வருவது எல்லாம் சங்கேத வடிவில் இருக்கும். ஒட்டிய கவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகத்தின் பெரும்பாலான சர்வர்களை நிர்வகிப்பவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

விண்டோஸ் 10-ல் 2018-ல் வந்த அப்டேட்டிலிருந்து எஸ்.எஸ்.எச். உங்கள் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. டெல்நெட்டோ விஸ்டா காலத்திலிருந்து அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. அதை எழுப்பாமல் விட்டுவிடுவது நல்லது.

நான் தினமும் காலையில் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் செய்வது எஸ்.எஸ்.எச். வழியாக மும்பையில் உள்ள சர்வருக்குள் போவது. அந்த சர்வரை நான் கண்ணால் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், பாதுகாப்பைப் பலப்படுத்துகிறேன் என்று பயர்வாலில் எல்லாக் கதவுகளையும் சாத்தினேன். எஸ்.எஸ்.எச். நுழையும் 22-ஆம் எண் கதவும் அதில் ஒன்று. என்டர் தட்டிய நொடியில் நானே வெளியே நின்றேன். உட்கார்ந்திருந்த கிளையை வெட்டிய கதை. மும்பையில் டேட்டா சென்டரில் இருப்பவருக்குப் போன் செய்து, அவர் போய் அந்த மெஷின் முன் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்லத் தட்டினார். அன்றைக்கு நான்தான் அவருக்குச் சித்தப்பா.

தேனி மலைப்பக்கம் நடந்தது

தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கவனிப்பது எவ்வளவு சிக்கல் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து உசிலம்பட்டி போய், ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் தேனி. அங்கே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனையின் கிளை அது.

சுற்றியுள்ள ஊர்களில் இருப்பவர்கள் கண்ணில் சிறு உறுத்தல் என்றாலும் தேனிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. அதனால் அரவிந்த் சிற்றூர்களில் விஷன் சென்டர் எனும் சின்னக் கண் மையங்களைத் திறந்தது. டாக்டர் அங்கே இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற உதவியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசி முடிவு சொல்வார். வீடியோ என்றால் வேகமான இணைப்பு வேண்டுமே? அந்தக் காலத்தில் அந்த ஊர்களுக்கு அப்படி ஏதும் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழு இதற்கு ஒரு வழி கண்டது. வீட்டில் நாம் பயன்படுத்தும் அதே வைஃபையை, உயரமான கம்பத்தில் ஒரே திசை நோக்கிய ஆன்டெனா வைத்து, சாப்ட்வேரைக் கொஞ்சம் மாற்றி, கிலோமீட்டர் கணக்கில் பாயவைத்தார்கள். 2006-ல் தேனியைச் சுற்றி 5 மையங்கள் இப்படி இணைந்திருந்தன. 2008-ல் அந்தக் குழு எழுதிய ஆய்வுக் கட்டுரையில், மாதம் 3,000 நோயாளிகள் இந்த வீடியோ வழியாக டாக்டரைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கும்போது அந்தக் கட்டுரையைப் படித்தேன். வைஃபை எவ்வளவு தூரம் பாய்ந்தது என்பதைவிட, அதைக் கெடாமல் வைத்திருக்க அவர்கள் பட்ட பாடுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

கம்பத்தில் இருக்கும் ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதில் ஏதாவது கோளாறு என்றால் டாக்டருக்கு நோயாளி தெரிய மாட்டார். மையத்தில் இருப்பவர்கள் கண்ணைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள், நெட்வொர்க்கைப் பற்றி அல்ல. தெரிந்தவர்களோ கலிபோர்னியாவில். அங்கே பகல் என்றால் இங்கே இரவு. கரண்ட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 240 வோல்ட் வரவேண்டிய லைனில் 500 வோல்ட்டைத் தாண்டிய திடீர் எகிறல்களை அளந்திருக்கிறார்கள். சில 1,000 வோல்ட் வரை போயிருக்கின்றன. இன்னொரு பக்கம், பேட்டரி மெல்ல மெல்ல இறங்கி, அரைகுறை மின்சாரத்தில் ரவுட்டர் தடுமாறி, அதன் மெமரி கார்டில் இருக்கும் சாப்ட்வேரே கெட்டுப்போகும். அதற்காக, மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ரவுட்டரை முழுதாகவே அணைத்துவிடும் சர்க்யூட் ஒன்றைச் செய்தார்கள். உயிரும் இல்லாமல் சாவும் இல்லாமல் இழுத்துக்கொண்டிருப்பதைவிட அணைந்து எழுவது மேல் என்ற கணக்கு.

சரி, கலிபோர்னியாவிலிருந்து ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்கலாமே என்றால் அதிலும் ஒரு முட்டுக்கட்டை. வெளியிலிருந்து கூப்பிடுவதற்கு அந்த ரவுட்டர்களுக்கு முகவரியே கிடையாது. அவை உள் நெட்வொர்க்கில் மட்டும் செல்லுபடியாகும் எண்களைக் கொண்டவை. ஓர் அபார்ட்மென்டில் 'மூன்றாவது மாடி, இரண்டாவது வீடு' என்று மட்டும் எழுதி லெட்டர் போட்டால் எப்படிப் போய்ச் சேரும்?

அவர்கள் செய்தது எளிமையானது. நாம் கூப்பிட முடியாவிட்டால் அது நம்மைக் கூப்பிடட்டும் என்று திருப்பிப் போட்டார்கள். ஒவ்வொரு ரவுட்டரும் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை அமெரிக்காவில் உள்ள சர்வருக்குத் தானே தொடர்பு கொண்டு 'நான் நலம், சிக்னல் இவ்வளவு' என்று அறிக்கை கொடுக்கும். 'வீட்டுக்குப் போன்' என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். ரவுட்டர் திறந்த அந்த எஸ்.எஸ்.எச். பாதையிலேயே எதிர்த் திசையில் உள்ளே போய் இஞ்சினியர்கள் பழுது பார்த்தார்கள். வெளியூருக்கு வேலைக்குப் போன பிள்ளையிடம் நம்பர் இல்லை, அது தினமும் ராத்திரி கூப்பிடும்போது பேசிக்கொள்வது மாதிரி. கதவைத் திறப்பது எப்போதும் உள்ளே இருப்பவர்தான்.

உங்கள் வீட்டிலும் அதே முட்டுக்கட்டை

தேனி ரவுட்டரைப் போலத்தான் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும். வீட்டுக்குள் அதற்கு 192.168 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். அது உங்கள் வீட்டு வைஃபைக்குள் மட்டும் செல்லும். மோடத்துக்கு வெளியே வேறு எண். அதுவாவது உங்களுக்கே உங்களுக்கா என்றால், பல இன்டர்நெட் நிறுவனங்கள் ஒரே எண்ணைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. உங்கள் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் வெளி எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் பங்கு வீட்டில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உங்கள் கம்ப்யூட்டரை நேராகக் கூப்பிட முடியாது. ஒரு விதத்தில் இது நல்லதுதான்.

அப்படியானால் டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்ற புரோகிராம்கள் எப்படி வேலை செய்கின்றன? தேனியில் செய்ததைத்தான் அவையும் செய்கின்றன. உங்கள் கம்ப்யூட்டர் வெளியே போய் அந்த நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் உள்ளவரும் அதே சர்வரைக் கூப்பிடுகிறார். இருவரையும் சேர்த்துவைக்க ஓர் எண். எனிடெஸ்க் என்றால் 9 அல்லது 10 இலக்கம், குரோமில் 12 இலக்கம். அந்த எண்ணைச் சொல்லி, 'ஏற்கிறேன்' என்ற பட்டனைத் தட்டிவிட்டால் தீர்ந்தது.

விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒன்று எக்ஸ்பி காலத்திலிருந்து இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். உங்களிடம் இருப்பது ஹோம் பதிப்பாக இருந்தால் அதை வைத்து அடுத்தவர் கம்ப்யூட்டருக்குப் போகலாம், உங்கள் கம்ப்யூட்டருக்குள் மற்றவர் வர முடியாது. அதற்கு புரோ பதிப்பு வேண்டும். இன்னொன்று, அதில் நான் நுழைந்தால் கடையில் இருக்கும் சித்தப்பாவின் திரை பூட்டிக்கொள்ளும். நான் என்ன செய்கிறேன் என்று அவர் பார்க்க முடியாது. சொல்லிக்கொடுக்க இது உதவாது. மோடத்தில் வழி திறந்து இதை நேராக இன்டர்நெட்டில் விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். திறந்திருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புகளைத் தேடிப் பாஸ்வேர்ட்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

நீ கேக்கிற மாதிரியேதானப்பா கேட்டான்

சித்தப்பா கம்ப்யூட்டரில் 2021-ல் இந்த வகைப் புரோகிராம் ஒன்றை நான் போட்டுக்கொடுத்தேன். மானிட்டர் ஓரத்தில் பேப்பர் ஒட்டி, 'சிவப்புப் படத்தைத் தட்டவும், எண்ணைப் படிக்கவும், பச்சைப் பட்டனைத் தட்டவும்' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதியும் வைத்தேன். பிரமாதமாகப் பழகிக்கொண்டார். பில் வரவில்லை என்றால் போன் செய்யும்போதே எண்ணைப் படித்துக்கொண்டே செய்வார். எனக்குப் பெருமை.

2022 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம். 'கடந்த மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்று இரவு 9:30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும்' என்று ஒரு எஸ்.எம்.எஸ். கீழே ஒரு நம்பர். அந்த ஆண்டு இந்தியா முழுவதும் இதே மாதிரியான செய்தி சுற்றியது, உங்களில் சிலருக்கும் வந்திருக்கும். செக்கு ஓடுவதே கரண்ட்டில். சித்தப்பா பதறிப்போய் அந்த நம்பருக்குக் கூப்பிட்டார். மின்வாரியத்திலிருந்து பேசுவதாகச் சொன்னவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசியிருக்கிறான். "பில் கட்டியிருக்கீங்க சார், சிஸ்டத்துல ஏறல. 12 ரூபாய் கட்டினா அப்டேட் ஆயிரும். கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். ஒரு புரோகிராமை இறக்கச் சொல்லத் தொடங்கியவனிடம், "அது ஏற்கெனவே இருக்குதுங்க" என்று சித்தப்பாவே சொல்லி, எண்ணையும் படித்து, பச்சைப் பட்டனையும் தட்டிவிட்டார். பேப்பரில் எழுதியிருந்தபடியே.

12 ரூபாய் கட்டுவதற்காக நெட் பேங்கிங் திறக்கச் சொன்னான். திறந்தார். திரை கறுத்தது. "சர்வர் லோடு ஆகுது சார், கைவைக்காதீங்க" என்றான். கறுத்த திரைக்குப் பின்னால் அவன் சித்தப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். போனில் ஒரு ஓ.டி.பி. வந்தது, சித்தப்பா படித்துச் சொன்னார். அது அவன் தன் கணக்கைப் பணம் பெறுபவராகச் சேர்த்ததற்கானது. அடுத்து இன்னொரு ஓ.டி.பி. வந்தது. அதற்குள் மூக்குக் கண்ணாடியில் எண்ணெய்க் கை பட்டு மங்கியிருந்ததால், "இதைப் படி" என்று சித்தியிடம் போனை நீட்டினார்.

சித்தி எண்ணை மட்டும் படிக்கவில்லை. செய்தியை முதலிலிருந்து படித்தார். "ஏங்க, பன்னெண்டு ரூபாய்னுதான சொன்னீங்க? இதுல 49,500-னு போட்டிருக்கு."

எதிர்முனையில் அவன் "நம்பரை மட்டும் சொல்லுங்கம்மா" என்று அவசரப்படுத்தினான். சித்தி பதில் சொல்லாமல் எழுந்துபோய்ச் சுவரில் மோடத்தின் சுவிட்சை அணைத்தார். போனையும் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

பணம் போகவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் செய்தவற்றைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில் பாஸ்புக்கின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங்கை நிறுத்தச் சொன்னோம். எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த எண்ணையோ, இன்டர்நெட்டில் தேடிக் கிடைத்த எண்ணையோ நம்பவில்லை. அடுத்து, சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொன்னோம். பணம் போயிருந்தால் இதைத்தான் முதல் வேலையாகச் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே வந்தவன் போகும்போது எதை விட்டுச் சென்றான் என்று தெரியாது. அந்த நிலையில் சென்னையிலிருந்து நான் உள்ளே நுழைந்து பார்ப்பதும் சரியல்ல. ரிமோட் லாகின் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான் அன்றிரவு பஸ் ஏறினேன். சனிக்கிழமை முழுதும் கடையில் உட்கார்ந்து பில் டேட்டாவை மட்டும் பென் டிரைவில் எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். பாஸ்வேர்ட்களை என் லேப்டாப்பிலிருந்து மாற்றினோம்.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. சாப்பிடும்போதுதான் சொன்னார்: "நீ கேக்கிற மாதிரியேதானப்பா கேட்டான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் செய்ததில் தவறே இல்லை. நான் எழுதி ஒட்டிய பேப்பரில் எப்படி என்பது இருந்தது, யாருக்கு என்பது இல்லை. இது புதிய தந்திரமும் அல்ல. எனிடெஸ்க் வழியாக மக்களின் கணக்கிலிருந்து பணம் எடுப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது. புரோகிராமின் குற்றம் என்று சொல்ல முடியாது. அரிவாளால் தேங்காயும் வெட்டலாம். ஆனால் அதை யார் கையில் கொடுக்கிறோம் என்று நான் சொல்லித்தரவில்லை.

இப்போது எங்கள் வீட்டு முறை

பழைய பேப்பரைக் கிழித்துவிட்டோம். அந்தப் புரோகிராமையும் எடுத்துவிட்டேன். இப்போது விண்டோஸோடு வரும் குயிக் அசிஸ்ட் மட்டும் பயன்படுத்துகிறோம். கன்ட்ரோல், விண்டோஸ் கீகளை அழுத்திக்கொண்டு க்யூ எழுத்தைத் தட்டினால் அது திறக்கும். திறக்கவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உதவி செய்பவர் தன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து 'உதவி செய்' என்பதைக் கிளிக் செய்தால் 6 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோட் கிடைக்கும். அது 10 நிமிடம் மட்டுமே செல்லும். அதை உதவி பெறுபவர் தன் கம்ப்யூட்டரில் தட்டி, அனுமதி கொடுக்க வேண்டும். அப்போது திரை மட்டும்தான் தெரியும். மவுஸைப் பிடிக்க வேண்டும் என்றால் நான் தனியாகக் கேட்க வேண்டும், அவர் மறுபடி அனுமதிக்க வேண்டும். புரோகிராம் நிறுவ அனுமதி கேட்கும் விண்டோ வந்தால் என் பக்கம் திரை கறுத்துவிடும். அந்த 'யெஸ்' பட்டனைக் கடையில் இருப்பவர்தான் தட்ட முடியும். இந்தத் தொந்தரவுகள் எல்லாம் எனக்குப் பிடித்திருக்கின்றன.

இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. குயிக் அசிஸ்ட்டையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துவதாக மைக்ரோசாஃப்டே 2024 மே மாதம் எச்சரித்தது. ஆகையால் தேனி ரவுட்டரிடமிருந்து ஒரு விதியை எடுத்துக்கொண்டோம். கூப்பிடுவது எப்போதும் சித்தப்பாதான், அதுவும் அவர் போனில் என் பெயரில் இருக்கும் நம்பருக்கு. வந்த போனில் யார் என்ன சொன்னாலும், அது நானே என்றாலும், கம்ப்யூட்டர் பக்கம் போகக் கூடாது. வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட வேண்டும். வங்கி வேலையைக் கடைக் கம்ப்யூட்டரில் செய்வதில்லை. நான் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அவரோ சித்தியோ திரை முன் உட்கார்ந்திருக்க வேண்டும். திரை கறுத்து, எதற்கு என்று நான் உடனே சொல்லாவிட்டால், மோடம் சுவிட்ச். வேலை முடிந்ததும் விண்டோவை மூடுவது அவர்கள் கையால்.

உங்கள் வீட்டிலும் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பக்கத்தில் வைத்து இதைச் செய்து பாருங்கள். உதவி பெறுபவர் இடத்தில் ஒரு முறை, செய்பவர் இடத்தில் ஒரு முறை உட்காருங்கள். நீங்கள் ஒன்றும் தொடாமல் உங்கள் கர்சர் தானாக நகர்வதைப் பார்க்கும்போதுதான், எதைக் கொடுக்கிறோம் என்பது மனதில் பதியும். உங்களுக்கு உதவுபவர் வெளியூரில் இருந்தால், பிரச்சினை வரும் முன்பே, எந்த நம்பருக்கு யார் கூப்பிடுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தி இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். குரலையே மாற்றிப் பேசுகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால் அவரே கூப்பிட்டாலும் என்னிடம் ஒரு கேள்வி கேட்பார். போன வாரம் பில் வரவில்லை என்று போன். "நீ தீபாவளிக்கு வந்தப்ப எத்தனை லிட்டர் கடலை எண்ணெய் கொண்டு போன?"

"மூணு, சித்தி."

"அஞ்சு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

குயிக் அசிஸ்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்துச் சித்தப்பா கூப்பிட்டார். பிரின்டரில் பேப்பர் தீர்ந்திருந்ததாம். சித்தியே போட்டுவிட்டாராம்.